மாதிரிப் படிவம்

கந்தசாமி துணை

சதுரங்கப்பட்டினம்,
ஞாயிறு, பகல்.

சுவேதாவின் அப்பாவுக்கு, வச்சலா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. போனில் அனுப்பினால் நீல டிக் விழுவதோடு சரி, பதில் வருவதில்லை. மணி அண்ணன் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறார். அதனால் அவர் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை வெயிலில் வைக்காதீர்கள்.

வருகிற புதன்கிழமை செங்கல்பட்டு பயிற்சி மையத்தில் எங்கள் வெப் டெவலப்மெண்ட் வகுப்புக்குக் கடைசித் தேர்வு. மூன்று மணி நேரத்தில் ஒரு முகப்புப் பக்கம், ஒரு அட்டவணை, ஒரு படிவம் செய்து காட்ட வேண்டும். பாஸ் மார்க் ஐம்பது. மாதிரித் தேர்வில் எனக்கு நாற்பத்தாறுதான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடிங்கைக் கையால் எழுதிப் பழகுகிறேன். திறந்த குறியை மூட மறந்துவிடுகிறேன், அதில்தான் மார்க் போகிறது. உங்கள் தம்பி அரசு தினமும் பஸ் ஸ்டாப் வரை கேட்டுக்கொண்டே வருகிறார், "இன்னா அண்ணி, கம்பெனி தொறந்து எங்க அண்ணாத்தைக்கே வேல போட்டுக் குடுக்கப் போறியா?" என்று.

எனக்குப் படிவம்தான் வரவில்லை. சொல்லித் தருகிற பெண் ரூத், கோவளத்துப் பிள்ளை. அவள்தான், "கல்யாண வெப்சைட்டப் பாருக்கா, அதுல இல்லாத கட்டமே கெடையாது" என்றாள். போன செவ்வாய்க்கிழமை அப்படி ஒன்றைத் திறந்தேன். மாவட்டம் செங்கல்பட்டு, வேலை வெளிநாடு என்று ஏதோ தேர்ந்தெடுத்து அழுத்தினேன். நான்காவதாக நீங்கள் வந்தீர்கள்.

பெயர் மோகன். வயது முப்பத்தாறு என்று போட்டிருக்கிறது. ஆனால் கீழே இணைத்திருக்கும் ஜாதகத்தில் பிறந்த தேதி சரியாக இருக்கிறது, கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொன்று. நட்சத்திரம், லக்னம், குலதெய்வம் எதிலும் நீங்கள் கை வைக்கவில்லை. அதில் பொய் சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் உங்களுக்கு இன்னும் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

அந்த ஜாதகப் படம் நான் எடுத்தது. "ஏழரைச் சனி புடிச்சிகினு கீது, இங்க ஒரு சாமியாரு பரிகாரம் பண்றாரு, நோட்ட போட்டோ எடுத்து அனுப்பு" என்றீர்களே, அன்று மத்தியானம் பூஜை அறையில் வைத்து எடுத்தேன். மஞ்சள் தடவிய மூலையில் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, வஞ்சிரம் அரிந்தபோது வெட்டிக்கொண்ட தழும்போடு. அதை வெட்டி எடுக்கக்கூட உங்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து பதினொரு சனிக்கிழமை உங்களுக்காக ஒரு வேளை உபவாசம் இருந்து எள் தீபம் ஏற்றினேன். ஏழாவது வாரம் அத்தையே, "புள்ளையக் கூட்டிகினு திருக்கழுக்குன்றம் போயி மல ஏறிட்டு வா, அவனுக்கு நல்லது" என்று பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். அத்தை என்னைக் கோயிலுக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் திரும்பினால், தண்ணீர்த் தொட்டியோரம் எட்டு காபி டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. தட்டில் வாடிய மல்லிகை. பெண் வீட்டார் வந்து போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொடர்புக்கு அரசுவின் நம்பர் போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

திருமண நிலை என்ற இடத்தில் நான்கு வட்டம் இருக்கும். ஒன்றைத்தான் அழுத்த முடியும். நீங்கள் அழுத்தியிருப்பது 'துணையை இழந்தவர்'. குழந்தைகள்: இல்லை. படிவம் நிஜமா பொய்யா என்று பார்க்காது, கட்டம் காலியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும் என்று ரூத் முதல் வாரமே சொன்னாள். எனக்கு அன்றுதான் புரிந்தது. சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "இன்னாக்கா?" என்று கேட்டாள். கரண்ட் அடித்தது என்றேன். அன்றைய பயிற்சி அந்தப் படிவத்தையே பார்த்துச் செய்வது. அதனால் நான்கு நிலைகளையும் நானே டைப் அடித்தேன். தப்பு வந்து வந்து மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். அவர் மாடியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "கொள்ளி வெக்க ஒரு ஆம்பளப் புள்ள வோணாமா? செத்துட்டன்னு எய்தினா நீ இன்னா செத்தா பூட்ட? உசுரோடதானே கீற. போ, போயி ஒலைய வையி" என்றார். போய் உலை வைத்தேன்.

தேறினால் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் ஆபீசில் வேலைக்குச் சொல்வதாக ரூத் சொல்லியிருக்கிறாள். அவள் பெரியம்மா வீட்டில் ஒரு அறையும் இருக்கிறது. சுவேதாவையும் அழைத்துக்கொண்டு போய்விடுவேன். தேறாவிட்டால் போக இடம் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அப்போது இங்கேதான் இருப்பேன். நீங்கள் கூட்டிவருகிறவளுக்கும் சேர்த்து அரிசி அளந்து போடுவேன். ஐம்பதுக்கு நாலு மார்க் குறைகிறது. அதற்காகத்தான் இப்போது சாமி கும்பிடுகிறேன், உங்களுக்காக இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். என்னைப் பற்றி அழுத்தியதை நீங்கள் மாற்ற வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். குழந்தைகள் என்ற கட்டத்தில் மட்டும் 'ஒன்று' என்று போடுங்கள். சுவேதாவுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆரம்பிக்கிறார்கள். அவள் முதலில் அப்பா பெயரைத்தான் அடித்துத் தேடுவாள்.

நீங்கள் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வச்சலா