முழுசும் சாப்பிட்டாள்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. பேனா இன்று நடுங்காமல் ஓடுகிறது. அறுபத்தெட்டு வயதில் நான் எழுதியதை நானே திரும்பப் படிக்கிறேன். சிரிப்பு வருகிறது.

மகள் ஈஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள். சோற்றைக் கண்டாலே பயப்படும் நோய். முப்பது வயது. ஏலக்காய் தரம் பிரிக்கும் சோலி நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் அவள் சாப்பிட்டதைக் குறிக்கும் நோட்டை, கூட இருப்பவர்தான் எழுத வேண்டும். எழுதத் தெரியாது என்று நின்றேன். கட்டிலில் படுத்தபடியே அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். வீட்டிலும் அந்த நோட்டு தொடர்கிறது. இந்த நாட்குறிப்பு வேறு, எனக்கு.

காலை: இட்லி. முழுசும்.
மதியம்: சோறு, ரசம், முட்டை. முழுசும்.

"யப்பா, கலெக்டர் ஆபீசுல எழுத ஆள் கேக்குறாகளாம். போறியா?" என்று கேலி.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் அப்பா போன் செய்தார். தேவாரம் ஊர்க்காரர். பிள்ளை இறந்துவிட்டது. ஈஸ்வரிக்கு இருக்கும் அதே நோய்; எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போனது. துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததாம். நெஞ்சு நின்றுவிட்டது.

"நல்லாயிருச்சுன்னு நெனச்சுட்டோம்ணே. வீட்டுக்கு விட்டுட்டாகல்ல."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. "வீட்டுக்குப் போன பிறகும் பயம் இருக்குங்கய்யா. நோட்டை ஒழுங்கா எழுதிக் கொண்டாங்க."

ஈஸ்வரியிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 11, புதன்

வெயில். காப்பித்தூள் வாங்கணும். கொல்லையில், ஈஸ்வரி உட்கார்ந்து சாப்பிடும் ஜன்னலுக்குக் கீழே, வெள்ளைக் கோழி எதையோ கொத்தியது. இட்லி. நோட்டில் "முழுசும்" எழுதி மை காயவில்லை.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். முழுசும், முழுசும், முழுசும். அழகான எழுத்து. அவள் சொல்லச் சொல்லக் குனிந்து எழுதியிருக்கிறேன். நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் தட்டு காலியாகியிருக்கும். அவள் சாப்பிடுவதை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி

செக்கப். பஸ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. நோட்டின் கடைசியில் நேற்றே எழுதி வைத்திருந்தேன்: நான் பார்த்து எழுதவில்லை. அவள் சொன்னதை எழுதினேன்.

டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். "இன்னைக்கே அட்மிட் பண்ணணுங்கய்யா. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா..."

வார்டில் கட்டில் கிடைத்ததும் ஈஸ்வரி நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"எழுதச் சொல்லிக் குடுத்ததே நாந்தான யப்பா."

"ஆமா ஆத்தா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு கட்டில் தள்ளி யாரோ அழுகிற சத்தம்.

கஞ்சி வந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அவளையும் தட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம். தட்டை எடுத்துப் போன பிறகுதான் எழுதினேன்.

மதியம்: கஞ்சி. நாலு கரண்டி.