டீயோடு ஒரு மாத்திரை

ஐப்பசி 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். நாளை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் இட்லிக் கடைக்கு மூன்று குண்டான் மாவு அரைத்தாயிற்று.

கல்லூரியில் கொடுத்த டைரி இது, இத்தனை நாள் பிரிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் டைரியெல்லாம் எழுதுகிற ஆள் யார்? மன்னிக்கணும். வாயில் வராதது கையிலாவது வருமா என்று பார்க்கிறேன்.

தங்கை தேவி (இனி தே.), பிளஸ் டூ. நாலு மணிக்கு அம்மா எழுப்பிவிடுகிறாள். ஐந்தரைக்கு டியூஷன் வேன். ராத்திரி படித்து முடித்தால்தான் சோறு. "சாப்ட்டா கண்ணு சொக்கும்டி" என்பது அம்மாவின் கட்சி. படித்து முடிப்பதற்குள் பசி செத்துவிடும். இரண்டு வாய், கை கழுவல்.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில். கிரிவலப் பாதை முழுக்கக் காகிதத் தட்டு. எங்கள் கடையில் இட்லி எல்லாம் காலி. தே.வுக்கென்று எடுத்து வைத்த நாலு மட்டும் அப்படியே. விடிய விடியத் தண்ணீர் பாட்டில் விற்றவள், கண்ணை மூடாமலே வேன் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் அவள் பையில் சிப்ஸ் கவர், மிட்டாய்த் தாள்.

"இன்னாடி இது?"

"இட்லியப் பாத்தாலே கொமட்டுதுக்கா. இதான் உள்ள போவுது. நீதான் ஊட்டச்சத்து படிச்சவளாச்சே, இதுல எவ்ளோ சத்துனு சொல்லேன்."

சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

படித்ததுதான். தூக்கம் கம்மியானால் உடம்பு இனிப்பையும் பொரித்ததையும் தேடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை.

ஐப்பசி 11, புதன்

பள்ளி பிரேயரில் தே. மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி. ரத்தம் கம்மியாம். இரும்புச்சத்து மாத்திரை.

நர்ஸ்: "பாப்பா நல்லா தூங்குதாம்மா?"

அம்மா: "பரீட்ச முடியட்டும், தூங்கிக்கும்மா."

பக்கத்தில்தான் நின்றேன். சும்மா.

வாங்கியது: முருங்கைக்கீரை, எலுமிச்சம்பழம், வேர்க்கடலை.

ஐப்பசி 13, வெள்ளி

மழை. துணிக்கடை வேலைக்கு லீவு போட்டேன். கீரை ஆய யாருக்கும் நேரமில்லை, பழுத்துவிட்டது.

மாத்திரையை அம்மா நாலு மணிக்கே கொடுத்துவிடுகிறாள், டீயோடு. இன்றுதான் வாய் திறந்தேன்.

"டீயோட குடுத்தா அந்த சத்து ஒடம்புல சேராதும்மா."

"தண்ணில குடுத்தா முழுங்கிட்டு மறுபடியும் படுத்துக்கிறா. டீன்னாதான் எழுந்து குந்துறா. நீ படிச்சி இன்னா ஆச்சு, துணிக்கடையில பில்லு போடுற. இவளாவது டாக்டராவட்டும்."

தே. டம்ளரை வாங்கிக்கொண்டாள். "வுடுக்கா. வேன் வந்துடும்."

அம்மாவும் தூங்குவதில்லை. அடுப்பு பற்ற வைக்க அவளுக்கு முன்பே எழுகிறவள். அந்த முகத்தைப் பார்த்தால் அடுத்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

கேட்க நினைத்தது டீயைப் பற்றியே இல்லை.

அம்மா, நாளைக்கு ஒரு நாள் அவளை எழுப்பாதேம்மா.