அறுகோணக் குழலில் ஈயம்

ஜனவரி 12, சனி

கிளப்பில் இன்று என் மானம் போயிற்று. மார்ச்சில் வட மிச்சிகன் கைத்துப்பாக்கிப் போட்டி. அணியில் நான்கே பேர். நான்காவது இடத்துக்கு நானும் என் கொழுந்தன் ஊர்ஹோவும். மதிப்பெண்ணில் நான்தான் மேலே. ஆனால் சுடுதளப் பொறுப்பாளன் அவன். என் புதுத் துப்பாக்கியின் குழலை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொல்கிறான்: "அண்ணி, இது அறுகோணக் குழல். குண்டைச் சுழல வைக்க உள்ள செதுக்கியிருக்குமே, அந்தக் கூர்வரிப் பள்ளமே இதுல இல்ல, வழவழன்னு கிடக்கு. இதுல ஈயம் சுட்டா அப்பிக்கும், குழல் வெடிக்கும். கடையில செம்பு பூசின குண்டு வாங்கிட்டு வாங்க. இல்ல, ஒதுங்கிக்கங்க."

ஒதுங்குவதாம்! இருபது வருஷமாக என் குண்டை நானே உருக்கி வார்க்கிறேன். கடைக் குண்டு வாங்கிச் சுட நானென்ன சுற்றுலா வந்தவளா?

ஜனவரி 13

குழல் நினைப்பிலேயே சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். என் வீட்டுக்காரர் ரெய்னோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். தம்பிக்குத் தகுந்த அண்ணன்.

ஜனவரி 19

கல்குவாரியில் சுட்டுப் பார்த்தேன். ஐயோ. குழலுக்குள் பட்டை பட்டையாக ஈயம். அப்படியானால் அவன் சொன்னது சரியா? சுரண்டி எடுப்பதற்குள் கை வலித்துவிட்டது.

"அவன்கிட்ட ஒரு தடவை தோத்துத்தான் போயேன், என்ன குறைஞ்சு போயிடும்?" என்றார் ரெய்னோ. இன்று அவருக்கான பேஸ்டியை, அந்தக் கறி அடைத்த ரொட்டியை, அவரே சூடாக்கிக்கொண்டார்.

ஜனவரி 26

வெறும் குழலில் எண்ணெய் தடவி, மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றை மரக்குச்சியால் தட்டித் தட்டி மறுபக்கம் தள்ளினேன். குழலின் உள் அளவு அப்படியே அதில் பதிந்து வந்தது. அளந்தேன். என் குண்டு அதைவிட ஒல்லி! மயிரிழைதான். அந்த இடுக்கில் சூடான வாயு புகுந்து ஈயத்தைக் கரைத்து அப்பியிருக்கிறது. வார்ப்பு அச்சில் பொறித்திருந்த அளவை நம்பினேனே தவிர, குழலை ஒரு தடவை அளந்து பார்க்கவில்லை. கிளப்பில் யார்தான் அளந்தார்கள்?

குண்டை அளவுக்குக் கொண்டுவரும் வளையத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அகலமாக்கினேன். இனி குண்டு கொஞ்சம் பருமனாக வரும்.

பிப்ரவரி 2

ஐம்பது சுட்டேன். துணி இரண்டு தடவை ஓடியதும் குழல் பளிச்! குவாரியில் தனியாக நின்று கத்தினேன். கத்தினால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 9

கூட்டத்தில் எழுந்தேன். "அறுகோணமா கூர்வரியான்னு பேச்சே வேணாம். எல்லாரும் ஐம்பது சுட்டுட்டுக் குழலைக் காட்டணும். ஈயம் அப்பியிருந்தா அணியில இடமில்ல."

"அந்தச் சோதனையை நல்லா வைங்க அண்ணி. நீங்க குப்புற விழறதைப் பார்க்கத்தானே காத்துக்கிட்டிருக்கேன்" என்று முதல் கையைத் தூக்கியதே ஊர்ஹோதான்.

பிப்ரவரி 16

கிளப் செயலாளர் கார்ரினா என் குழலில் விளக்கடித்தாள். "லெம்பி, இதுல முகம் பார்த்து உதட்டுச்சாயம் பூசிக்கலாம் போலிருக்கே!"

அடுத்தது ஊர்ஹோவின் குழல். வெகுநேரம் பார்த்தாள். "ஏம்ப்பா, உன் கூர்வரியெல்லாம் எங்க போச்சு?" பள்ளங்கள் முழுக்க ஈயம். கூர்வரிக் குழலுக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பில் அவன் அளக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன். பாவமாக இருந்ததா? இல்லை. நான்காவது இடம் எனக்கு.

மார்ச் 9

போட்டியில் இரண்டாம் இடம். ஆனால் எழுத வேண்டியது அதுவல்ல.

எதிரணித் தலைவன் என் குண்டுகளைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டான்: அறுகோணக் குழலில் ஈயமா, இந்தம்மாவை வெளியே அனுப்புங்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் அணிக்கு வண்டி ஓட்ட வந்திருந்த ஊர்ஹோ எங்களுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டான்.

"எங்க அண்ணி குழலை அளந்து வார்த்த குண்டுய்யா அது. நீ முதல்ல உன் குழலைக் காட்டு."