வீரக்கல்லுக்குத் திறப்பு விழா

ஜனவரி 18, ஞாயிறு

தொம்மலூரில் எங்கள் தெருமுனை வீரக்கல்லுக்கு இன்று திறப்பு விழா நடந்தது. இத்தனை காலமும் அது மூடியா கிடந்தது? என் இரண்டு மாடுகளையும் அதன் பக்கத்தில்தான் கட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவதும் நான்தான்.

காலையில் எதிர் அபார்ட்மென்ட் செக்ரட்டரி வந்தார். அவர் வீட்டுக்கும் நான்தான் பால் ஊற்றுகிறேன்.

"கெஸ்ட்டுங்க வராங்கம்மா. மாட்டை வேற எங்கனா கட்டுங்க. ஸ்மெல் தாங்கல."

"இன்னிக்கு மட்டுமா சார்?"

"இனிமே இங்க வேணாம். இது ஹெரிடேஜ் இடம்."

மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சந்துக்குள் நின்றேன். கல்லுக்கு ரோஜா மாலை போட்டார்கள். பக்கத்தில் நட்ட புதுப் பலகையை ஒருவர் மைக்கில் வாசித்தார். எதிரிகள் ஓட்டிப்போன ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்ட வீரனாம். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவருக்காவது சிரிப்பு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. படித்த கூட்டம்.

அவர்கள் டிபனுக்குப் போனதும் கயிற்றை விட்டேன். கொம்பில் பொங்கல் வர்ணம்கூடப் போகாத என் செவலை, நேராகத் தன் இடத்துக்குப் போய் மாலையைத் தின்ன ஆரம்பித்தது. செக்ரட்டரி கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

நான் கல்லைக் காட்டினேன். "அவரைக் கேளுங்க சார். அவரு வேணான்னா ஓட்டிக்கினு போறேன்."

விடிந்தால் மாடுகளை எங்கே கட்டுவது என்று தெரியவில்லை. செக்ரட்டரி வீட்டுக்கு மட்டும் நாளையிலிருந்து பால் கிடையாது. பாக்கெட் வாங்கிக் குடிக்கட்டும். அதில் மாட்டு வாடை வராது.