பலட்டின் வயிற்றுக்குக் கீழே ஒரு நூல்

மச்சான்,

இன்று காலை, சாமானை அடுக்கித் தூக்குகிற புதுப் பலட்டுகள் வந்து இறங்கின. நீல நிறம். லொறியின் கதவைத் திறந்ததும் புதுப் பிளாஸ்டிக்கின் மருந்து மணம் ஸ்டோர் முழுக்கப் பரவி, தேங்காய்த் தும்புத்தூளின் மணத்தையே கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டது. இறக்கியவர்கள் என் கையெழுத்துக்காகக் காத்து நிற்க, நான் ஒன்றைப் புரட்டிப் போட்டு அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரிப் பாக்காத, அவங்கள அனுப்பு" என்று சொல்லியிருப்பாய்.

பக்கவாட்டில் பெரிதாக ஓர் எண். அடியில், வயிற்றின் நடுவில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற மூன்று எண்கள். இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள். பெரியதை எல்லோருக்கும் காட்டுகிறார்கள், மற்றதைப் புரட்டிப் பார்க்கிறவனுக்கு விட்டுவிடுகிறார்கள்.

உன்னை அடக்கம் செய்து ஒரு வருடமாகப் போகிறது. இதுவரை உனக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. நான் ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை; வந்ததையும் போனதையும் எழுதிப் பழகியவன். இன்று அந்த வயிற்றைப் பார்த்ததும் உன்னோடு கதைக்க வேண்டும் போல் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முந்தல் தாண்டி, களப்புப் பக்கம் இருக்கிற இந்தத் தும்புத்தூள் தொழிற்சாலைக்கு நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தோம். நான் உடப்பிலிருந்து பஸ்ஸில். நீ புத்தளத்திலிருந்து, சைலன்ஸர் ஓட்டையான அந்த மோட்டார் சைக்கிளில். நீ வருவது கேற்றுக்கு முன்னமே ஸ்டோருக்குக் கேட்கும். நான் சாமானை எழுதுவேன், நீ ஃபோர்க்லிஃப்டில் அதைத் தூக்கி வைப்பாய். அழுத்திச் செய்த தும்புத்தூள் கட்டிகள் ஒரு பலட்டில் ஏறினால் ஒரு டன் அளவுக்கு வரும். நீ அதை, தட்டுத் தட்டாக நிற்கிற இரும்பு இறாக்கையின் உச்சித் தட்டில் சத்தமே இல்லாமல் வைத்துவிட்டு வருவாய். அதில் உனக்குப் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

அந்த நாட்களில் எல்லாம் மரப் பலட். அதில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு பலகை வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், ஏற்றினால் முனகும். காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நீ எடுப்பாய். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் பூச்சி வரும் என்று மரத்துக்கு ஆயிரம் சட்டம் சொல்லத் தொடங்க, முதலாளி பிளாஸ்டிக்குக்கு மாறினார். பிளாஸ்டிக் முனகாது. அதன் பக்கத்தில் நாலாயிரம் கிலோ என்று பெரிதாக எழுதியிருந்தது. எண்ணே இல்லாமல் வேலை செய்து பழகிய நாம் எல்லோரும் முதல் முதலாகக் கண்ட எண்ணை அப்படியே நம்பிவிட்டோம். நாலு டன் தாங்குவதில் ஒரு டன் வைத்தால் அது என்ன பெரிய பாரம்?

அடியில் இருந்த மூன்று எண்களை முதலில் பார்த்தது நான்தான். கெட்டித்தனம் ஒன்றுமில்லை, மழைத் தண்ணீரைக் கொட்டுவதற்காக ஒன்றைப் புரட்டினேன், கண்ணில் பட்டது. ஒரே பலட்டுக்கு மூன்று கணக்கு. அசையாமல் தரையில் வைத்தால் நாலு டன். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கரங்களில் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒரு டன். இறாக்கையில், முன்னும் பின்னும் இரண்டு இரும்புச் சட்டங்களில் ஓரம் மட்டும் பட, நடுவில் ஒரு பிடிமானமும் இல்லாமல் வைத்தால் அரை டன். அதுவும் பாரம் எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால். வெக்கை கூடினால் இன்னும் குறையும் என்று கூட வந்த தாளில் இருந்தது. நம்முடைய தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்குத் தேநீர் நேரத்தில் உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி கேட்டாய். கடைசி எண்ணுக்கு வந்ததும் சிரித்தாய். "ரெண்டு ஓரத்துல மட்டும் தாங்கி நிக்கிறதுக்குத்தான் மச்சான் ஆகக் குறையப் போட்டிரிக்கிறான். செஞ்சவனுக்கு விளங்கியிரிக்கு."

அப்போது நீ மாதத்துக்கு ஒரு தடவை மன்னாருக்குப் போய் வந்துகொண்டிருந்தாய். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது உன் உம்மாவும் வாப்பாவும் விட்டுவிட்டு வந்த வளவைத் துப்புரவாக்கி, ஒரு அறை கட்டி வைத்திருந்தாய். மனைவி பிள்ளைகள் புத்தளத்தில். அங்கே போனால் உன்னைப் புத்தளத்து ஆள் என்கிறார்கள், இங்கே வந்தால் இன்னும் அகதி என்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய், அதையும் சிரித்துக்கொண்டுதான். நான் அந்தக் கதையைப் பலட்டோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. நீ சேர்த்துத்தான் சொன்னாய் என்று இப்போது தெரிகிறது.

சிரித்தாயே தவிர, பாரத்தை நீ குறைக்கவில்லை. மனேஜர் சிலாபத்து ஆள், நல்ல மனிதர், பாதித் தமிழ் பாதிச் சிங்களத்தில் கதைப்பவர். நான் போய்ச் சொன்னபோது, நாலு டன் என்று போட்டிருக்கிறதுதானே, ஒரு டன்னுக்கு என்ன பயம் என்று கேட்டார். மூன்று எண்களையும் விளக்கினேன். அவருக்கு விளங்கியது. ஆனால் கொண்டெய்னருக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாதிப் பாதியாக வைத்தால் மீதியை எங்கே வைப்பது? தரையில் வைக்கலாம் என்றால், மழைக்கு ஸ்டோருக்குள் தண்ணீர் ஏறும், கட்டிகள் ஊறிப் புட்டாகிவிடும். அந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் இறாக்கையின் கீழ்த்தட்டை எப்போதும் வெறுமையாக விட்டிருந்தோம்.

சாமானுக்குத்தான் வெறுமை. மனிதர்களுக்கு அல்ல. உடைந்த கட்டிகளைப் பிரித்துத் திரும்பப் பொதி செய்கிற பெண்கள் அந்த நிழலில்தான் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூலையில் நீ ஒரு பழைய மரப் பலட்டைக் கழுவிக் காய வைத்து, அதன் மேல் உன் தொழுகைப் பாயை, முசல்லாவை, விரித்திருந்தாய். தும்புத்தூள் படாத ஒரே இடம் அதுதான் என்றாய். ஒவ்வொரு நாளும் மத்தியானத்து லுஹர் தொழுகை அங்கே. நீயே ஏற்றி வைத்த ஒரு டன்னுக்கு நேர் கீழே நீ நெற்றி பதித்து சுஜூது செய்வதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

இடத்தை மாற்று என்று பல தடவை சொன்னேன். காதில் விழாத மாதிரி இருந்தாய். "நான் வெச்சது விழாது" என்றாய் ஒருநாள். நான் உன் கையைச் சந்தேகிக்கிறேன் என்று நினைத்தாயாக்கும் என்று எண்ணி, அதற்கு மேல் வாய் கொடுக்கவில்லை. இரண்டு நாள் நாம் சரியாகக் கதைக்கவும் இல்லை.

என் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் வலை நூல் இருக்கும். வீட்டில் எல்லோரும் வலைகாரர்கள், எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கண்ணியைப் பின்னாமல் எழும்ப மாட்டார்கள். எனக்குக் கடலும் சரிவரவில்லை, வலையும் சரிவரவில்லை. நூல் மட்டும் பையில் தங்கிவிட்டது. ஒரு காலையில் நீ வருமுன் ஏணி வைத்து ஏறி, உன் முசல்லாவுக்கு மேலே இருந்த பலட்டுக்குக் கீழே, ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டத்துக்கு நூலை விறைக்கக் கட்டினேன். பலட்டின் வயிறு அப்போதே கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. வயிற்றுக்கும் நூலுக்கும் நடுவில் என் விரல் ஒன்று நுழையும் அளவுக்கு இடம் விட்டேன்.

வெயில் ஏற ஏற நான் போய்ப் போய்ப் பார்த்தேன். விரல் இறுகியது. பிறகு நுழையவில்லை. நீ கைகால் கழுவி வுழு செய்துவிட்டு வந்து, தொழுகைக்குத் தக்பீர் கட்டியபோது, பலட்டின் வயிறு நூலின் மேல் படுத்திருந்தது.

உன்னை அழைக்க முடியாது. தொழுகையில் நிற்கிறாய். நான் பக்கத்தில் நின்றேன். பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை மெதுவாகத் தொழுகிற ஆளை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வலப் பக்கமும் இடப் பக்கமும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து நீ நிமிர்ந்தபோது, என் முகத்தைப் பார்த்து, பிறகு நான் பார்க்கிற இடத்தைப் பார்த்தாய். நூல், ஏற்றிக் கட்டின வில் மாதிரிக் கீழே வளைந்திருந்தது.

காலையில் விரல் போனது, இப்போது இப்படி என்று சொன்னேன். நீ எழும்பி, கையை நீட்டி, நூலைச் சுண்டிப் பார்த்தாய். அது அசையவில்லை.

"பாயத் தூக்கிக்கொண்டு ஒஃபிஸ் அறைக்குப் பின்னால போ. நாளையிலயிருந்து அங்க தொழு" என்றேன்.

நீ முசல்லாவை மடித்துக்கொண்டே கேட்டாய். "நான் அங்கால போனா, இது மேல போயிருமா?"

நீ பெண்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தாய். அவர்கள் பொதியைச் சுற்றிக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நான் இங்க தொழுறது தூசிக்குப் பயந்து மட்டும் இல்ல மச்சான். கீழ நான் நிக்க ஏலாத சாமான, மேல நான் வைக்க மாட்டேன். இவ்வளவு காலமும் வெச்சிட்டன். இனி வைக்க மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாய். பெண்களை எழும்பி வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டு, ஃபோர்க்லிஃப்டை எடுத்தாய். ஒவ்வொன்றாக இறக்கினாய். நான் இடத்தை மாற்றச் சொன்னேன், நீ பாரத்தை மாற்றினாய். அந்த யோசனை என் தலைக்கு வரவேயில்லை. மூன்று எண்களையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய என் தலைக்கு.

மனேஜர் ஓடி வந்தார். நாளைக்குக் கொண்டெய்னர் என்றார். நீ குரலை உயர்த்தவில்லை, பாதிப் பாதியாக வைத்தால் ஏற்றுவேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாய். வீட்டில் பிள்ளைகள் படிக்கிற காலம், மன்னாரில் அறைக்கு இன்னும் கூரை போடவில்லை. அந்த வேலையை நீ விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கொஞ்ச நேரம் அந்த நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மீதியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியில் அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். மரப் பலட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு உயர்த்தி, மீதியைத் தரைப் பக்கம் அடுக்கினோம். பின்னேரத்து அஸர் நேரம் வந்தும் நீ வண்டியிலிருந்து இறங்கவில்லை. தொழுகை நேரம் தவறிக் கழாவாகப் போகிறது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

உன் முசல்லாவுக்கு மேலே இருந்த பலட் பிறகு நிமிரவில்லை. பாரத்தை எடுத்தும் வயிறு தொங்கியபடியே கிடந்தது. அடியில், நடு விலாவில், தலைமயிர் போல ஒரு வெடிப்பு. எறிந்துவிடச் சொன்னேன், நீ அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாய். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீ மவுத்தான செய்தி நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு காலையில் வந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. நான் புத்தளத்துக்கு வந்தேன். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆள் மாற்றி ஆள் மாற்றி. ஒவ்வொருவருக்கும் சில அடிகள்தான், அதற்குள் அடுத்தவர் தோள் கொடுத்துவிடுகிறார். நான் ஓரமாக நடந்தேன். உன் மைத்துனர் என்னைக் கண்டு, கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார். என் தோளிலும் நீ சில அடிகள் இருந்தாய். பாரமே தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. மன்னாருக்குக் கொண்டுபோவதா என்று காலையில் ஒரு கதை எழுந்ததாம்; கடைசியில் புத்தளத்திலேயே அடக்கினார்கள்.

இப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்ணாத்திவில்லுக்காரர். விவசாயம் பொய்த்து அண்மையில் இந்தப் பக்கம் வந்தவர், நிதானமான ஆள். இன்று காலையில் புதுப் பலட்டைப் புரட்டி மூன்று எண்களையும் அவருக்குக் காட்டினேன். தலையை ஆட்டினார். எல்லோரும் ஆட்டுவார்கள். பிறகு அவர் கட்டிகளை ஏற்றி மேலே வைத்தார், நான் ஏணியில் ஏறி நூலைக் கட்டினேன்.

மத்தியானம் என் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு போய், உன் மரப் பலட்டில் உட்கார்ந்தேன். முசல்லாவை உன் மகன் கொண்டுபோய்விட்டான். பலட் என்னிடம் இருக்கிறது. நீ போனதிலிருந்து நான் அங்கேதான் சாப்பிடுகிறேன். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. வண்ணாத்திவில்லுக்காரர் தன் பார்சலோடு அந்த வழியாகப் போனவர் நின்றார். ஒஃபிஸ் அறையில் மேசை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, ஏன் இந்த வெக்கையில் இதற்குக் கீழே வந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"மேல வெச்சது நீங்கதானே?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துப் பார்த்தார். பலட்டின் வயிற்றுக்கும் நூலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பார்சலை அவிழ்த்தார்.