கடைசி ரீல் ஓடாத ஊர்

மக்கா,

இன்று திருவேங்கடத்திலிருந்து வரும் காலை டிரிப்பில், எனக்குப் பின்னால் முதல் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் செல்போனில் படம் பார்த்துக்கொண்டே வந்தாள். கரிசல் காட்டுக்கு நடுவே வண்டி வரும்போது அந்தக் குரல் கேட்டது. "பேரனே, வாளைக் கீழே வை." என் கால் தன்னால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிட்டது. உன் ஆள், அந்தச் சீன நடிகன், எந்தப் படத்தில் வந்தாலும் அவனுக்குத் தமிழில் பேசுகிற அதே கரகரப்புக் குரல். இப்போது தாத்தா வேடம். பேரன் எடுத்துவிட்டான் பார், நம் கோட்டைச்சாமி.

அவனுடைய சீனப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு ராஜா காலத்துப் படத்தில் கோட்டையைக் காக்கிற தளபதியாக நடித்ததால் நீதான் அவனுக்குக் கோட்டைச்சாமி என்று பெயர் வைத்தாய். ஒரு மாதத்தில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு முழுக்க அதுவே அவன் பெயராகிவிட்டது. டீக்கடையில் நின்று அவன் கதையைச் சொந்தச் சித்தப்பா மகன் கதை மாதிரி சொல்லுவாய். முதலில் வேறு கதாநாயகர்களுக்காகக் குதிரையிலிருந்து விழுந்தவன், பிறகு வில்லனுக்குப் பின்னால் நிற்கிற அடியாள், அப்புறம்தான் இந்த ராஜா காலத்துப் படம் அவனைத் தூக்கிவிட்டது என்பாய். "எனக்கும் அவனுக்கும் ஒரே வயசுலே. அவன் குதிரையில விழுந்தான், நான் புட்போர்டுல விழுந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்தப் படம் நம் ஊருக்கு வந்த நாட்கள் இப்போதும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. ஆறரைக்கு வண்டியை நிறுத்தினால் நமக்கு ஒன்பதேகாலுக்குத்தான் திருவேங்கடம் கடைசி டிரிப். நான் ஓட்டுநர், நீ நடத்துநர். இருவரும் காக்கிச் சட்டையோடு மாலைக்காட்சிக்குப் போய் உட்கார்ந்தோம். படமோ மூன்று மணி நேரத்துக்கும் மேலே. மதில்மேல் தளபதி தனியாக நிற்கிறான், பனி கொட்டுகிறது, எதிரிப் படை தொடுவானம் முழுக்க வருகிறது. அந்த நேரம் பார்த்து நீ எழுந்து, "திருவேங்கடம் போறவங்கல்லாம் வாங்க, வண்டி எடுக்கப் போறோம்" என்று கத்தினாய். பாதிக் கொட்டகை எழுந்து உன் பின்னால் ஓடிவந்தது.

மறுநாள் தியேட்டர்காரர் கடைசி ரீலை ஓட்டவே இல்லை. எப்படியும் பாதிப்பேர் பார்க்கப்போவதில்லை, எதற்கு இரைச்சல் என்று நினைத்திருப்பார். மதில்மேல் அவன் நிற்பதோடு விளக்கைப் போட்டுவிட்டார். யாரும் சண்டைக்குப் போகவில்லை, விசிலடித்துவிட்டு நேரே பஸ்ஸில் வந்து ஏறினார்கள். பஸ்ஸில் வருகிற எல்லோரும் அதுதான் முடிவு என்றே நம்பினார்கள். வண்டிக்குள் தினமும் வழக்கு நடக்கும், பிறகு அவன் என்ன ஆனான் என்று. நீ டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவாய். "படை வந்திருக்கும், சோறு வந்திருக்கும், எல்லாம் வந்திருக்கும். அவன் சாவுத ஆளா?"

அதற்குப் பிறகு அவன் நடித்ததெல்லாம் அதே தளபதி வேடம்தான். குதிரை மாறியது, கோட்டை மாறியது, படம் மட்டும் ஓடவில்லை. உனக்கு அதில் தீராத வருத்தம். "ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்குத ஸ்டாப்பும் தெரியணும்லே" என்பாய். கொஞ்ச காலம் அவனைக் காணவே இல்லை. பிறகு அப்பா வேடங்களில் வந்தான். அந்தச் சமயத்தில்தான் நீ மத்தியானச் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைக்கத் தொடங்கினாய்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஈரலில் கட்டி என்றார், முற்றிவிட்டது என்றார், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். உன் வீட்டு மதினி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். வண்டியில் யாராவது மயங்கி விழுந்தால் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு விடத் தெரியும் எனக்கு. ஆஸ்பத்திரியே கையை விரித்த பிறகு உன்னை எங்கே கொண்டுபோய் விடுவது? கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வார விடுப்பில் உன் வீட்டுக்கு வந்தபோது நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் படத்தோட முடிவப் பாக்கணும்லே. போன்ல இருக்காம்லா." நான் முந்தின வாரமே பார்த்துவிட்டிருந்தேன். தலையணையில் சாய்த்து வைத்துப் போட்டுக் காட்டினேன். மதில்மேல் அவன் நிற்கிற இடம் வந்ததும் நிறுத்தி, "சார்ஜ் தீந்துட்டுலே" என்றேன்.

நீ சிரித்தாய், இருமலோடு. "ஏலே, இத்தன வருசம் கண்டக்டரா இருந்திருக்கேன். டிக்கெட் எடுக்காதவன மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன். போடு."

போட்டேன். உதவிப் படை வருகிறது, ஆனால் பிந்தி வருகிறது. மதிலேறிப் பார்க்கிறார்கள். அவன் ஈட்டியில் சாய்ந்து நின்றபடியே செத்துப் போயிருக்கிறான், புருவமெல்லாம் பனி. நீ கண்ணெடுக்காமல் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "படை வரத்தான் செஞ்சிருக்கு" என்றாய். பிறகு, "நம்மூர்ல நிப்பாட்டுனாம் பாரு, அதான்லே சரியான எடம். திருப்பி அங்கனயே கொண்டு போ" என்றாய். விரலால் பின்னுக்கு இழுத்து, மதில்மேல் அவன் உயிரோடு நிற்கிற இடத்தில் நிறுத்தினேன். போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாய். படத்தைப் பின்னுக்கு இழுக்க முடிந்த கையால் உனக்கு வேறு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று வாசலில் வந்து நின்று அழுதேன். அடுத்த விடுப்புக்கு நீ இல்லை.

இன்று பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பின் அந்தப் பெண்ணைக் கேட்டேன். "அந்தப் படத்துல, அந்தப் பெரியவரு கடைசில செத்துப் போறாராம்மா?"

"தெரியல அண்ணாச்சி. ஸ்டாண்டு வந்துட்டுல்லா, பாதியில நிப்பாட்டிட்டேன்" என்றாள். போனை உயர்த்திக் காட்டினாள். நரைத்த தலையும் கையில் கம்புமாக நம் கோட்டைச்சாமி வாசலில் நின்றுகொண்டிருந்தான். உன் வயசுக்காரன். நீ இருந்தால் உனக்கும் இந்த நரை வந்திருக்கும்.

புதுக் கண்டக்டர் நல்ல பையன்தான். விசில் ஒழுங்காக அடிக்கிறான். ஆனால் நீ விசில் அடித்த பிறகு படிக்கட்டுத் தகரத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டுவாயே, அது அவனுக்குத் தெரியாது. விசில் கேட்டும் நான் கியரைப் போடாமல் ஒரு நொடி காத்திருக்கிறேன். "அண்ணாச்சி, ரைட்டு குடுத்துட்டேனே" என்று அவன் மறுபடியும் கத்துகிறான். அதன்பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.