சந்தனம் பூசிய பேனல்

ஐப்பசி 4, ஞாயிறு
மூட்டம். ஆயுத பூஜை. மோட்டார், மண்வெட்டி, டிராக்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் மனைவி சரசு சோலார் வேலியின் பேனலையும் விடவில்லை. ஏணியில் ஏறி நான்தான் பூசினேன், பட்டையாக மூன்று, நடுவில் பொட்டு.

“அதுதானுங்க தோட்டத்தக் காக்குது. அதுக்கு வெக்காம?”

சரிதான். வேலி போட்டு ஆறு மாதம், யானை ஒன்றுகூட உள்ளே வரவில்லை. காவல் பரணைப் பிரித்து விறகாக்கியாயிற்று. அதில் காவல் கிடந்த மாரன் இப்போது மோட்டார் சாளைக் கொட்டகையில், தரையில் படுக்கிறான்.

7, புதன்
அதே மூட்டம். தூறல்கூட இல்லை. கம்பிக்குக் கரண்டு விடும் வேலிப் பெட்டி டக் டக் என்று அடிப்பது மெதுவாகிவிட்டது. பச்சை விளக்கு மங்கல். பேனலில் சந்தனம் காய்ந்து சேறு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. பூஜைக்கு வைத்ததைத் துடைப்பதா? தானாக உதிரட்டும்.
வாழை வெட்ட இன்னும் இருபது நாள்.
வாங்க வேண்டியது: சரசு முழங்காலுக்குத் தைலம், யூரியா, டார்ச் செல்.

8, வியாழன்
எஸ்.டி.டி. பூத்திலிருந்து டவுன் மெக்கானிக்கிடம் பேசினேன். “வெயில் வந்தாச் சரியாயிருமுங்க. அவசரம்னா பேட்டரியக் கழட்டிக் கொண்டாங்க, கரண்டுல சார்ஜ் போட்டுத் தாரேன். ரெண்டு நாளாகுமுங்க.”

ரெண்டு நாள் வேலி செத்துக் கிடக்குமே. வெயிலை நம்பி வேலி போட்டவனுக்கு வேண்டியதுதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் மாரன் வந்து நின்றான்.
“ஏனுங்க, ஓடையோரம் யானை போட்ட லத்தி கெடக்குதுங்க. பழையபடி பரண் கட்டிக்கட்டுங்களா? தீவாளிப் பட்டாசாச்சும் ரெண்டு குடுங்க.”
“வேலி இருக்குதல்லொ? பேசாமப் போய்த் தூங்கு.”
எரிச்சலில் சொன்னது.

9, வெள்ளி
மாரன் போய்விட்டான்.
விடியும்போது, சாளை வாசலில். ஒற்றை யானை மிதித்துவிட்டது. கம்பி அறுந்து கிடக்கிறது. பெட்டியில் சத்தமே இல்லை. பாதி வாழை சாய்ந்துவிட்டது என்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை.
அவன் மனைவி ருக்கு அழவில்லை. “வேலி இருக்குதுன்னு சொன்னீங்களாமுங்க?” என்று மட்டும் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

11, ஞாயிறு
மூட்டம். மெக்கானிக் வந்து, கம்பியைக் கட்டிவிட்டுப் பேனலைப் பார்த்தான். “இத்தன பூசி வெச்சா எப்படிங்க? ஒரு மூலைல நெழல் உழுந்தாலே கரண்டு கம்மியாயிருமுங்க.”
வேலி செத்தது மூட்டத்தாலா, சந்தனத்தாலா என்று கேட்டேன்.
“ரெண்டுந்தானுங்க. பாதிப் பாதின்னு பிரிச்செல்லாம் சொல்ல முடியாதுங்க.”
சந்தனம் ஈரத்துணிக்கு வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். சரசு ஏணியைப் பிடிக்க வரவில்லை. தைலம் இன்னும் வாங்கவில்லை.

12, திங்கள்
காலையிலிருந்தே நல்ல வெயில். பச்சை விளக்கு பளிச்சென்று. பெட்டி விடாமல் அடிக்கிறது, டக் டக் டக். வீடு வரைக்கும் கேட்கிறது.